அயலார் வாசலில்

சோழ நாட்டுப் புகாரிலே பிறந்த ஒரு பெண், பாண்டிய மன்னனின் அரண்மனை வாசலில் ஒற்றைச் சிலம்புடன் வந்து நின்ற கதையை நாம் பிள்ளைப் பிராயத்திலிருந்தே கேட்டு வருகிறோம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதனாலோ என்னவோ, அதிலுள்ள ஒரு விசேஷம் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கண்ணகி மதுரைக்கு அயல்நாட்டவள். பாண்டியனின் குடியல்லள், பிழைக்க வந்து ஆயர் சேரியில் ஒண்டியிருந்தவள். ஆயினும் வாயில் காப்போன் அவளை விரட்டி அடிக்கவில்லை. உள்ளே போய்ச் சொன்னான். மன்னன் வரச் சொன்னான். அவள் பேசினாள், அவன் கேட்டான். பிழை தன்னுடையதே என்று தெரிந்த அந்தக் கணத்தில் உயிரை விட்டான்.

அயலார் அரசின் வாசலில் போய் நின்று நியாயம் கேட்கும் வழக்கம் இன்னும் உலகத்தில் அழிந்துவிடவில்லை. அந்த வாசல் மட்டும் இடம் மாறியிருக்கிறது. மன்னனைத் தேடிக் காதவழி நடக்க வேண்டியதில்லை; ஒவ்வொரு தலைநகரிலும் ஒவ்வோர் அயல்நாட்டுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. அதற்குத் தூதரகம் என்று பெயர். கொடி பறக்கும், காவலர் நிற்பர், உள்ளே வரவேற்பறையில் மெத்தை வைத்த நாற்காலிகள், மேசைமேல் அந்த நாட்டின் மலைகளையும் அருவிகளையும் வர்ணத்தில் அச்சிட்ட வழவழப்பான புத்தகங்கள். தூதர் வருவார், கை குலுக்குவார். வந்தவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். "எங்கள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கிறேன்" என்பார். வாசல் வரை வந்து வழியனுப்புவார்.

பாண்டியனுக்கு நேர்ந்தது அங்கே யாருக்கும் நேர்வதில்லை. மனுவை வாங்கிக்கொண்டவர் அன்றிரவு நன்றாகவே தூங்குவார். அவர் அரசர் அல்லர். அரசின் குரலைச் சுமந்து வந்தவர். தவறு செய்த கை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. அப்படியிருக்க, அங்கே போய் மன்றாடுவதில் என்ன பயன்? "சுவரோடு பேசினாற்போலத்தானே?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல எனக்கு 1984-ஆம் ஆண்டு ஒன்று போதும் என்று தோன்றுகிறது. அந்த ஒரே ஆண்டில், ஒரே கொடுமையின் பொருட்டு, இரண்டு அயல்நாட்டு வாசல்களில் மனிதர்கள் போய் நின்றார்கள். ஒன்று டர்பனில், மற்றொன்று வாஷிங்டனில். இரண்டிலும் உள்ளே போனவர்கள், போன காரியம் முடியுமுன் வெளியே வர மறுத்தார்கள்.

கொடுமை இன்னதென்று விரித்துரைக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் ஆண்டுவந்த கட்சி, மனிதர்களைத் தோலின் நிறப்படி பிரித்து, குடியிருக்கும் தெருவையும் படிக்கும் பள்ளியையும் ஏறும் ரயில் பெட்டியையும் சட்டம் போட்டு வகுத்து வைத்திருந்தது. நெல்சன் மண்டேலா 1962 முதல் சிறையில் இருந்தார். உலகம் முகம் சுளிக்கத் தொடங்கியதும், ஆட்சியாளர் ஒரு தந்திரம் செய்தார்கள். 1984-ல் புதிய அரசியல் சாசனம் ஒன்று அமலுக்கு வந்தது. அதன்படி பாராளுமன்றத்தில் மூன்று சபைகள்: வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பு மக்களுக்கு ஒன்றுமில்லை!

பந்தியில் பக்கத்து இலைக்காரனை எழுப்பிவிட்டு நமக்குப் பாயசம் போட்டால், அதை நாம் சாப்பிடலாமா? டர்பன் நகரத்து இந்தியர்களுக்கு முன்னால் வந்து நின்ற கேள்வி இதுதான். அவர்களில் மிகப் பலர் நம்மவர்கள். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரும் தெலுங்கருமே அதில் பெரும்பாலும் இருந்தார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளுக்குத்தான் 1984 ஆகஸ்டு மாதம் 28-ஆம் தேதி வாக்குச் சீட்டு நீட்டப்பட்டது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே போய் வாக்களித்தார்கள். மற்றவர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

இதை அந்த சர்க்கார் பொறுத்துக்கொள்ளுமா? தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்ன தலைவர்களை விசாரணையில்லாமல் சிறையில் அடைத்தது. செப்டம்பர் மாதத்தில் நேட்டால் உயர்நீதிமன்றம், "இந்தக் காவல் செல்லாது, விட்டுவிடுங்கள்" என்று உத்தரவு போட்டது. வெளியே வந்தவர்களைப் பிடித்து அடைக்க உடனே வேறு உத்தரவுகள் பிறந்தன. நீதிமன்றத்தின் கதவு திறந்து மூடுவதற்குள் சிறையின் கதவு திறந்துவிட்டது.

செப்டம்பர் 13-ஆம் தேதி அவர்களில் ஆறு பேர், டர்பனில் இருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஆர்ச்சி குமேடே, மேவா ராம்கோபின், ஜார்ஜ் சிவபிரசாத், எம். ஜே. நாயுடு, பில்லி நாயர், பால் டேவிட் என்போர் அந்த அறுவர். குமேடே, ஐக்கிய ஜனநாயக முன்னணி என்ற பெரும் கூட்டமைப்பின் தலைவர்களில் ஒருவர். மற்றவர்கள், 1894-ல் காந்தியடிகள் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸின் வழி வந்தவர்கள். ராம்கோபின் காந்தியடிகளின் பேத்தி இலாவை மணந்தவர். பில்லி நாயரோ, 20 ஆண்டுகள் ராபன் தீவுச் சிறையில் கிடந்துவிட்டு, அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வெளியே வந்திருந்தார். வெளிக்காற்றைச் சுவாசித்து ஏழு மாதம் ஆகவில்லை. மறுபடியும் நான்கு சுவருக்குள்ளே, தாமாகவே போய் அடைபட்டார்.

இதிலுள்ள விசித்திரத்தை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் இவர்களுடைய பாட்டன்மாரைக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோயிற்றோ, அதே பிரிட்டனின் கொடி நிழலில் பேரன்மார் ஒதுங்கினார்கள். முன்னோர் பிறந்த பாரத நாட்டின் வாசலுக்குப் போகலாமென்றால், அங்கே அப்படியொரு வாசலே இல்லை. இன ஒதுக்கலைக் கண்டித்து இந்தியா 1946-லேயே அந்நாட்டோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டது. 1954-ல் தன் பிரதிநிதி அலுவலகத்தையும் மூடிவிட்டது. உறவை முறித்தவன் வீட்டு வாசல் மூடித்தானே இருக்கும்? உறவை முறிக்காதவனின் வாசல்தான் அவர்களுக்குத் திறந்திருந்தது.

திறந்திருந்தது என்றாலும், உள்ளே இருந்தவர்கள் மனமுவந்து வரவேற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. மார்கரெட் தாட்சரின் அரசாங்கம் தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் உலகம் காறித் துப்பும். அவர்களுக்காகப் பரிந்து பேசினாலோ தென்னாப்பிரிக்காவின் நட்பு கெடும். ஆகவே இரண்டும் செய்யாமல் இருந்தது. தென்னாப்பிரிக்காவும் சும்மா இருக்கவில்லை. ஆயுதக் கடத்தல் குற்றத்துக்காக இங்கிலாந்தில் கவெண்ட்ரி நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய தன் ஆட்கள் நால்வரைத் திருப்பி அனுப்பமாட்டேன் என்று அறிவித்துப் பழி தீர்த்துக்கொண்டது. அக்டோபர் 6-ஆம் தேதி ராம்கோபினும் சிவபிரசாத்தும் நாயுடுவும் வெளியே வந்தார்கள். படியிறங்கியதும் போலீஸார் பிடித்துக்கொண்டார்கள். மற்ற மூவரும் டிசம்பர் 12 வரை உள்ளேயே இருந்தார்கள். கணக்குப் பார்த்தால் 90 நாட்கள். காவல் உத்தரவுகள் ரத்தாயின என்று கேட்டுத்தான் வெளியே வந்தார்கள். பில்லி நாயர் வீட்டுக்குப் போனார். குமேடேயையும் பால் டேவிட்டையும் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி அங்கேயே கைது செய்தார்கள். அந்த வழக்கும் பின்னர் நிற்கவில்லை. 1985 டிசம்பரில் பெரும்பாலோர் மீதிருந்த குற்றச்சாட்டை அரசே கைவிட்டது.

இந்த 90 நாட்களில் அவர்கள் சாதித்தது என்ன? ஒரு சட்டம் மாறியதா? இல்லை. ஒரு கைதி விடுதலையானாரா? இல்லை. ஆனால் அதுவரை டர்பன் போலீஸ் நிலையத்தின் ஏட்டில் மட்டும் இருந்த விஷயம், லண்டன் பாராளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது; உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. சொந்த நாட்டில் தட்டுவதற்குக் கதவில்லாதவன், அயலான் வீட்டுக்குள் நுழைந்து, உள்ளே இருந்தபடி தன் வீட்டைச் சுட்டிக்காட்டினான். அவ்வளவுதான். அதுவும் சிறிய காரியமன்று.

இனி வாஷிங்டனுக்குப் போவோம்.

1984 நவம்பர் 6-ஆம் தேதி அமெரிக்காவில் தேர்தல் நடந்தது. ரொனால்டு ரீகன் 50 மாநிலங்களில் 49-ஐ வென்று மறுபடியும் ஜனாதிபதியானார். தென்னாப்பிரிக்காவைக் கடிந்து பேசாமல், கூடவே இருந்து, மெல்ல மெல்லத் திருத்த வேண்டும் என்பது அவருடைய அரசாங்கத்தின் கொள்கை. மெல்லத் திருத்துகிறோம் என்றவர்களின் கண்ணெதிரேதான் அங்கே தொழிற்சங்கத் தலைவர்கள் கைதாகிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு இதே கதைதான் என்று எல்லோரும் மனம் சோர்ந்திருந்த சமயம் அது.

நவம்பர் 21-ஆம் தேதி, நான்கு பேர் தென்னாப்பிரிக்கத் தூதரைப் பார்க்க நேரம் வாங்கிக்கொண்டு, மாசசூசெட்ஸ் அவென்யூவில் உள்ள தூதரகத்துக்குப் போனார்கள். நால்வரும் கறுப்பு அமெரிக்கர்கள். நால்வரும் கௌரவமான ஸ்தானத்தில் இருந்தவர்கள். ராண்டல் ராபின்சன், ஆப்பிரிக்க நாடுகளின் பொருட்டு 1977-ல் தோன்றிய 'டிரான்ஸ் ஆப்பிரிக்கா' என்ற ஸ்தாபனத்தின் தலைவர். ரிச்மண்ட் நகரில் கறுப்பருக்கென்று ஒதுக்கிய பள்ளியில் படித்து, ஹார்வர்டில் சட்டம் பயின்றவர். மேரி பிரான்ஸஸ் பெர்ரி சரித்திரப் பேராசிரியை. அரசாங்கத்தின் குடியுரிமைக் கமிஷனில் உறுப்பினர். ரீகன் அவரை அந்தப் பதவியிலிருந்து நீக்கப் பார்த்தபோது, நீதிமன்றத்துக்குப் போய் வென்று திரும்பியவர். எலினார் ஹோம்ஸ் நார்ட்டன் சட்டப் பேராசிரியை. நான்காமவர் வால்ட்டர் ஃபான்ட்ராய், பாதிரியார். மார்ட்டின் லூதர் கிங்கோடு நெருங்கி உழைத்தவர். வாஷிங்டன் நகரத்தின் சார்பில் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்திருந்தவர்.

அவர் அந்தச் சபையில் பேசலாம். ஆனால் சபையின் இறுதி வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியாது. அமெரிக்கத் தலைநகரவாசிகளுக்கு அந்த உரிமை கிடையாது. தமக்கே முழு வாக்கு இல்லாத ஒரு மனிதர், அயல்நாட்டில் வாக்கில்லாதவர்களுக்காகப் போய் நின்றார் என்பதைக் கதையில் எழுதினால், ஆசிரியர் வேண்டுமென்றே ஜோடித்ததாக வாசகர்கள் சொல்வார்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது.

தேதியைக்கூட அவர்கள் யோசித்தே வைத்திருந்தார்கள். மறுநாள் அமெரிக்கர்களின் நன்றி நவிலும் பண்டிகை. அரசாங்க அலுவலகங்கள் அடங்கிக் கிடக்கும். பத்திரிகைகளுக்குச் செய்தி கிடைக்காது. அத்தகைய நாளில் சின்னச் செய்திக்கும் பெரிய இடம் கிடைக்கும்.

தூதர் பெர்னார்டஸ் ஃபூரி அவர்களை மரியாதையாகவே வரவேற்றார். பேச்சு நடந்தது. நடுவில் நார்ட்டன் அம்மையார் விடைபெற்றுக்கொண்டு வெளியே போனார். மற்ற மூவரும் தங்கள் கோரிக்கையைச் சொன்னார்கள்: மண்டேலா முதலிய அரசியல் கைதிகளை விடுவிக்க வேண்டும், சமீபத்தில் பிடித்த தொழிற்சங்கத் தலைவர்களை விட வேண்டும், எல்லா மக்களுக்கும் இடமுள்ள சாசனத்துக்காகப் பேச்சுத் தொடங்க வேண்டும். அதுவரை இந்த இடத்தை விட்டு நகரமாட்டோம் என்றார்கள். அந்த வேளையில், வெளியே கூடியிருந்த பத்திரிகைக்காரர்களிடம் நார்ட்டன் அதே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் அந்தத் தூதரின் மேல்தான் கண் போகிறது. விருந்தாளி எழுந்து போகமாட்டேன் என்றால் வீட்டுக்காரன் என்ன செய்வான்? போலீஸைக் கூப்பிட்டால், "மனுக் கொடுக்க வந்தவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள்" என்று மறுநாள் ஊரெல்லாம் பேசும்; தன் நாட்டில் தினமும் நடப்பதை வாஷிங்டனிலேயே நடத்திக் காட்டியதாகும். கூப்பிடாவிட்டாலோ, இரவெல்லாம் அவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி, தூதரகத்துக்குள் அந்தத் தூதரகத் தலைவரின் சம்மதம் இல்லாமல் போலீஸ் கால்வைக்கக் கூடாது. ஆகவே அவரே அழைத்தாக வேண்டும். வந்தவர்கள் அவருக்கு வைத்த பொறி அதுதான். தூதரகம் போலீஸை அழைத்தது. மூவரையும் கைவிலங்கிட்டு வெளியே அழைத்து வந்தார்கள். பண்டிகைக்கு முந்திய இரவு அவர்களுக்குச் சிறையில் கழிந்தது.

இந்த இடத்தில் இன்னொரு வாசல் என் நினைவுக்கு வருகிறது. 1906-ஆம் ஆண்டில், டிரான்ஸ்வாலில் ஆசியாக்காரர்கள் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்து மனுக் கொடுக்கக் காந்தியடிகளும் ஹாஜி ஓஜிர் அலியும் லண்டனுக்குக் கப்பலேறினார்கள். குடியேற்ற நாட்டு மந்திரி எல்ஜின் பிரபு அவர்களை மரியாதையோடு கேட்டார். திரும்பி வரும் வழியில் மதீரா தீவில் கப்பல் நின்றபோது, சட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்ற தந்தி கிடைத்தது. ஆனந்தத்துக்குக் கேட்க வேண்டுமா! ஆனால் 1907 ஜனவரியில் டிரான்ஸ்வாலுக்குச் சுயாட்சி வந்தது. அந்தப் புதிய பாராளுமன்றம் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அதே சட்டத்தை நிறைவேற்றியது. இம்முறை லண்டன் தடுக்கவில்லை. மனு வென்றது, மனிதர்கள் தோற்றார்கள்.

அந்தத் தோல்வியிலிருந்துதான் சத்தியாக்கிரகம் தன் முழு உருவத்தில் எழுந்தது. கைரேகை வைக்க மறுத்துச் சிறை சென்றவர்களில் தமிழர்கள் முன்னணியில் நின்றதும், 1914-ல் வள்ளியம்மை என்ற இளம்பெண் சிறையில் வாங்கிய நோயால் உயிர் துறந்ததும் நாம் அறிந்தவை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த அந்த முறையைக் காந்தியடிகள் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இந்தியாவிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் அமெரிக்காவுக்கு எடுத்துக்கொண்டார். கிங்கிடம் பயின்ற ஃபான்ட்ராய் அதைத் தென்னாப்பிரிக்காவின் தூதரிடமே கொண்டுபோய்ச் சேர்த்தார். கடன் வாங்கிய வீட்டில் வட்டியோடு திருப்பிக் கொடுத்தது போலாயிற்று. 1906-ல் போனவர்கள் மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். 1984-ல் போனவர்கள் தாங்களே மனுவாக உட்கார்ந்துவிட்டார்கள்.

மூவர் செய்ததை மற்றவர்கள் தொடர்ந்தார்கள். இரண்டு நாட்களுக்குள் 'சுதந்திரத் தென்னாப்பிரிக்க இயக்கம்' அறிவிக்கப்பட்டது. அதன்பின் வாரநாட்களில் தவறாமல் அந்த வாசலில் கூட்டம். அயல்நாட்டுத் தூதரகத்திலிருந்து 500 அடிக்குள் அந்நாட்டைப் பழிக்கும் வாசகங்களை ஏந்தி நிற்கக் கூடாது, கூடி நின்றால் போலீஸ் கலையச் சொல்லலாம் என்று 1938-ல் இயற்றிய சட்டம் ஒன்று வாஷிங்டனில் இருந்தது. ஊர்வலத்தார் தூரத்தில் நடப்பார்கள். அவர்களில் சிலர் மட்டும் அணிபிரிந்து தூதரகத்தின் கதவை நோக்கிப் போவார்கள். தூதரைப் பார்க்க வேண்டுமென்று கேட்பார்கள். கதவு திறக்காது. போலீஸார் எச்சரிப்பார்கள், பிறகு கைது செய்வார்கள். நாளைக்கு வேறு சிலர்.

யார் யார் வந்தார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் வந்தார். 1985 ஜனவரியில் ரீகனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் லோவல் வீக்கர் வந்து கைதானார். பிப்ரவரியில் கண்பார்வையற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் கைதானார். அடுத்த மாதம் தமக்குக் கிடைத்த ஆஸ்கர் பரிசை மண்டேலாவின் பெயரால் ஏற்றுக்கொண்டார். அதற்குத் தண்டனையாகத் தென்னாப்பிரிக்க வானொலி அவர் பாட்டுகளை ஒலிபரப்புவதை நிறுத்திற்று. முன்னாள் ஜனாதிபதி கார்ட்டரின் மகள் ஏமி வந்தாள். கிங்கின் மனைவி கொரெட்டா தம் மக்களோடு வந்தார். ஆசிரியர்கள், மதகுருமார்கள், மாணவர்கள், தொழிலாளர்கள் என்று ஓராண்டில் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். வழக்கு நடக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்க, அரசாங்க வக்கீல்கள் வழக்கு வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். விசாரணை என்று ஒன்று நடந்தால், குற்றவாளிக் கூண்டில் யார் நிற்பதாகத் தோன்றும் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

"இதெல்லாம் நாடகம்தானே?" என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. பிரமுகர்கள் காரில் வந்து இறங்குகிறார்கள், புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள், சில மணி நேரம் காவலில் இருந்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள். மண்டேலா சிறைக்குப் போய் 22 ஆண்டுகள் ஆயிற்றே, அதற்கும் இதற்கும் என்ன பொருத்தம்? ஒரு பொருத்தமும் இல்லைதான். வாஷிங்டனில் ஓர் இரவு சிறையிலிருந்தவரை ராபன் தீவில் இருபதாண்டு இருந்தவரோடு ஒரே தட்டில் வைத்து நிறுத்துவது அநியாயம். ஆனால் நாடகம் என்று சொல்லிவிடுவதால் விஷயம் முடிந்துவிடவில்லை. நாடகம் என்றால் பார்ப்பவர்கள் இருக்க வேண்டுமே! யார் பார்ப்பதற்காக அது நடந்தது?

தூதர் பார்ப்பதற்காகவா? இல்லை. பிரிட்டோரியாவில் இருந்த ஆட்சியாளர் பார்ப்பதற்காகவா? அவர்கள் இதைவிடப் பெரிய காட்சிகளைக் கண்டு கலங்காதவர்கள். கதவைத் தட்டியது அயலான் வீட்டில். விழித்துக்கொள்ள வேண்டியிருந்தது தட்டியவர்களின் சொந்த வீடு. தென்னாப்பிரிக்க அரசு தன் காலில் மட்டும் நிற்கவில்லை. வாஷிங்டனின் பொறுமை என்னும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றது. தூதரகத்தின் முன் கைநீட்டி விலங்கு மாட்டிக்கொண்ட ஒவ்வொருவரும் தம் அரசாங்கத்தைப் பார்த்து, "இவர்களுக்குத் தோள் கொடுக்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா?" என்று கேட்டார்கள். விலங்கை மாட்டியதும் அமெரிக்கப் போலீஸ்தானே? யார் பக்கம் நிற்கிறோம் என்பதை அமெரிக்கர்கள் மாலைதோறும் டெலிவிஷனில் பார்த்தார்கள்.

முதற்பலன் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. டிசம்பர் தொடக்கத்தில், பிரதிநிதிகள் சபையில் ரீகனின் கட்சியைச் சேர்ந்த பழைமைவாதிகள் 35 பேர் அதே தூதர் ஃபூரிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வன்முறை நின்று, இன ஒதுக்கலை ஒழிக்க உண்மையான முயற்சி தொடங்காவிட்டால், உங்கள் மீது தடைகள் விதிக்க நாங்களும் ஆதரவு கொடுப்போம் என்பது அதன் சாரம். நண்பன் என்று நம்பியிருந்தவன் வாசலில் வந்து கண்டிப்பாகப் பேசினால் அதன் வலி தனி. டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று, அதுவரை மெதுவாகவே பேசிவந்த ரீகனும் தென்னாப்பிரிக்காவைப் பற்றி வாய் திறந்து பேச வேண்டியதாயிற்று. 1985 செப்டம்பரில், காங்கிரஸ் முந்திக்கொள்ளாமல் இருக்க, தாமே சில சிறிய தடைகளை விதித்தார். அது போதவில்லை. 1986-ல் காங்கிரஸ் விரிவான தடைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. செப்டம்பர் 26-ஆம் தேதி ரீகன் தம் ரத்து அதிகாரத்தைப் பிரயோகித்தார். மூன்று நாளில் பிரதிநிதிகள் சபை 313-க்கு 83 என்ற கணக்கில் அதை முறியடித்தது. அக்டோபர் 2-ஆம் தேதி செனட் சபையும் 78-க்கு 21 என்று முறியடித்தது. அந்தச் செனட் சபையில் பெரும்பான்மை ரீகனின் கட்சிக்கு. 49 மாநிலங்களை வென்ற ஜனாதிபதி, சொந்தக் கட்சியின் கையாலேயே தோற்றார்.

சட்டத்தில் எழுதியிருந்த நிபந்தனைகளைப் படித்தால், நவம்பர் மாலையில் மூவர் தூதரிடம் சொன்ன கோரிக்கைகளின் எதிரொலி கேட்கும். மண்டேலாவையும் அரசியல் கைதிகளையும் விடுவிக்க வேண்டும். அரசியல் கட்சிகளின் மீதுள்ள தடை நீங்க வேண்டும். எல்லா இனத்தாரோடும் பேச்சு நடத்த வேண்டும். அதுவரை தென்னாப்பிரிக்காவில் புது முதலீடு கூடாது, அங்கிருந்து நிலக்கரி, எஃகு, யுரேனியம் வரக்கூடாது, அவர்களுடைய விமானம் அமெரிக்க மண்ணில் இறங்கக்கூடாது. தூதர் வாங்கிக்கொள்ளாத மனு, தேசத்தின் சட்டமாக எழுந்து நின்றது.

இவ்வளவையும் தூதரக வாசலில் நின்றவர்களே சாதித்தார்கள் என்று சொன்னால், அது பொய்யாகும். கொடிய பொய்யாகவும் ஆகும். உயிரைக் கொடுத்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் சேரிகளில் இருந்தார்கள். வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளிகள், பள்ளியைவிட்டு வெளியேறிய பிள்ளைகள், பிணத்தைச் சுமந்துபோன ஊர்வலங்களிலேயே சுடப்பட்டவர்கள் இவர்களே அந்த ஆட்சியை அசைத்தவர்கள். 1985-ல் அமெரிக்காவின் பெரிய வங்கி ஒன்று கடனைப் புதுப்பிக்க மறுத்ததும், மற்ற வங்கிகளும் பின்வாங்கி அந்நாட்டு நாணயம் சரிந்ததும் இன்னொரு காரணம். தடை விதித்தால் முதலில் வயிறு காய்வது கறுப்புத் தொழிலாளிதான் என்று சொன்னவர்களும் எல்லோரும் கபடர்கள் அல்லர். அந்தக் கவலையில் உண்மை இருந்தது. ஆனால் அந்தத் தொழிலாளிகளின் சங்கங்களும், டெஸ்மண்ட் டூட்டூ போன்றவர்களும் தடை வேண்டுமென்றே கேட்டார்கள். பட்டினியைத் தாங்கப் போகிறவனே தாங்குகிறேன் என்று சொல்லும்போது, அவனுக்காகப் பரிதாபப்பட்டு மறுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

1990 பிப்ரவரி 11-ஆம் தேதி மண்டேலா சிறையிலிருந்து நடந்து வெளியே வந்தார். அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்கக் காங்கிரஸின் இரு சபைகளும் கூடியிருந்த மண்டபத்தில் பேசினார். 1994 ஏப்ரலில் எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது. துணைத் தூதரகத்தில் 90 நாட்கள் ஒதுங்கியிருந்த பில்லி நாயரும் குமேடேயும் அதன்பின் பாராளுமன்றத்தில் உறுப்பினர்களாக அமர்ந்தார்கள். வெளியே போய்ப் பத்திரிகைக்காரர்களிடம் பேசிய நார்ட்டன் அம்மையார், 1991-ல் ஃபான்ட்ராயின் இடத்துக்கு வந்தார். வாஷிங்டன் நகரத்துக்கு முழு வாக்குரிமை கேட்டு அவரும் அதே சபையில் பல்லாண்டுகள் வாதாடினார். அயல்நாட்டுக்குக் கிடைத்தது உள்ளூருக்குக் கிடைக்கவில்லை. ராபின்சன் 2023-ல் காலமானார்.

தூதரகங்களின் வாசலில் இன்றும் மனிதர்கள் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் மழையில், சிறு கூட்டமாக, யாரோ ஒரு கைதியின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மாடி ஜன்னலின் திரை லேசாக அசையும். கீழே வந்து யாரும் பேசமாட்டார்கள். அவர்களில் பலருக்குச் சட்டமும் கிடைக்காது, சிலையும் கிடைக்காது. அவர்களைப் பார்த்து, "சுவரோடு பேசுகிறார்களே!" என்று எண்ணிக்கொண்டு நாம் கடந்து போகிறோம். அவர்கள் பேசுவது சுவரோடு அல்ல, கடந்து போகிற நம்மோடு.

மாசசூசெட்ஸ் அவென்யூவில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டிஷ் தூதரகத்தின் முன்னால் வின்ஸ்டன் சர்ச்சிலின் சிலை 1966 முதல் நிற்கிறது. ஒரு கால் தூதரக நிலத்தில், ஒரு கால் அமெரிக்க நிலத்தில். அதற்கு எதிர்ப்புறத்தில்தான் தென்னாப்பிரிக்கத் தூதரகம். அதன் முன்னால் 2013 செப்டம்பர் 21-ஆம் தேதி மற்றொரு சிலையைத் திறந்து வைத்தார்கள். கை முஷ்டியை உயர்த்திக்கொண்டு நடந்து வருகிற நெல்சன் மண்டேலாவின் வெண்கலச் சிலை. எந்த வாசலில் அவர் பெயரைச் சொன்னதற்காக ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்தார்களோ, அந்த வாசலிலேயே அவர் நிற்கிறார். 500 அடிக்கு உள்ளேதான்.